வளர்ந்த ஆமையைத் தத்தெடுத்தவர்களுக்கு: திருநெல்வேலி வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற இருப்பிடம்

குட்டியாக வாங்கப்பட்டு, சில ஆண்டுகள் ஒரு பிளாஸ்டிக் பேசினிலோ சிறிய கண்ணாடித் தொட்டியிலோ வளர்ந்து, கையளவைத் தாண்டிய பிறகு "இனி எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது" என்று இன்னொரு வீட்டுக்குக் கைமாறும் ஆமைகளைப் பற்றியது இந்தக் கட்டுரை. கைமாற்றுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல: வேலை மாற்றல், தொட்டி போதாமை, தண்ணீர் நாற்றம், "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று வீட்டுப் பெரியவர்கள் ஓயாமல் சொல்வது. காரணம் எதுவாக இருந்தாலும் வந்து சேரும் ஆமையின் நிலை பெரும்பாலும் ஒன்றுதான். அது நேற்று வந்த ஒரு நோயால் வாடியிருப்பதில்லை. நேரடி வெயில் படாமலும், நீந்த ஆழம் இல்லாமலும், காய்ந்த இறாலை மட்டுமே தின்றும் பல ஆண்டுகளாகத் தேய்ந்திருக்கிறது. பல ஆண்டுக் குறையை ஒரே நாளில் சரிசெய்ய முயல்வது ஆமைக்குக் கேடாக முடியும் என்பதால், எதை முதலில் செய்வது, எதைப் பொறுத்துச் செய்வது என்ற வரிசை இங்கே மிகவும் முக்கியம்.

முதலில் இனத்தை உறுதி செய்யுங்கள்

அலங்கார மீன் கடைகளில் அதிர்ஷ்ட ஆமை என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் சிவப்புக்காது ஆமை. ரெட் இயர்டு ஸ்லைடர் என்றும் கடைக்காரர்கள் சொல்வார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையும், பச்சை ஓட்டில் மஞ்சள் கோடுகளும் இருக்கும். வயதாக ஆக ஓடு கருத்துவிடும், சில கிழட்டு ஆண்களில் சிவப்புப் பட்டையே மறைந்துவிடும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியே இதன் தாயகம். நன்றாகப் பராமரித்தால் 30 ஆண்டுகள் வரைகூட வாழும். பெட்டையின் ஓடு 25 முதல் 30 செ.மீ. வரை வளரக்கூடும், ஆண் அதைவிடச் சிறியது. முன்னங்கால் நகங்கள் மிக நீளமாகவும் வால் தடித்து நீண்டும் இருந்தால் அது ஆண்.

உங்களிடம் வந்திருப்பது வேறு இனமாக இருந்தால் அடுத்து எதுவும் செய்வதற்கு முன் நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும் பாலாமை, கருத்த ஓடுள்ள காராமை, காட்டோரங்களில் திரியும் நட்சத்திரக் கட்டாமை ஆகியவை 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. அன்போடு வைத்திருந்தாலும், யாரோ கொடுத்ததாக இருந்தாலும், அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதே முறை. நீங்களாகவே ஏதோ ஒரு குளத்தில் விட்டுவிடுவதும் கூடாது. வீட்டுத் தொட்டியில் நெடுங்காலம் இருந்த ஆமை அந்தக் குளத்து ஆமைகளுக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடும். இனி வருவன அனைத்தும் சிவப்புக்காது ஆமையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

வந்த முதல் சில வாரங்கள்

புதிய ஆமையை நேரே பெரிய தொட்டியின் ஆழமான நீரில் விடுவதுதான் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளில் மிகக் கொடியது. ஓடு நனையும் அளவுத் தண்ணீரிலேயே ஆண்டுக்கணக்கில் நடந்து பழகிய ஆமைக்கு நீந்தும் தசைகள் வலுவிழந்திருக்கும். ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிரினம் என்பதால், மேலே வர இயலாமல் அது மூழ்கிச் சாகவும் வாய்ப்புண்டு. எனவே, தரையில் நின்றபடியே கழுத்தை நீட்டினால் மூக்கு நீர்மட்டத்துக்கு மேல் வரும் அளவுக்கு முதலில் தண்ணீர் வையுங்கள். அது தயக்கமின்றி நீந்துவதைப் பார்த்த பிறகு, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மூன்று முதல் ஐந்து செ.மீ. வீதம் உயர்த்துங்கள். மூலையில் ஒரு பெரிய கல்லையோ கட்டையையோ போட்டு வைத்தால் களைக்கும்போது அதைப் பற்றிக்கொள்ளும்.

புதிய இடத்தில் சில நாட்கள் உண்ணாமல் இருப்பது இயல்பு. ஆள் நடமாட்டம் குறைந்த பக்கத்தில் தொட்டியை வைத்து, ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுத்து, பிள்ளைகள் தூக்கிப் பார்ப்பதைத் தடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். தூக்க வேண்டிய நேரத்தில் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஓட்டின் இரு பக்கங்களையும் இரு கைகளாலும் பிடித்து, தரைக்கு அருகிலேயே தூக்க வேண்டும். கை நழுவி விழும் ஆமையின் ஓடு உடைந்துவிடும். சமையலறைத் தராசு ஒன்றை ஆமைக்கென்றே ஒதுக்கி, வாரம் ஒருமுறை எடையைக் குறித்துவையுங்கள். ஓட்டுக்குள் ஒடுங்கும் உயிரின் மெலிவு கண்ணுக்கு எளிதில் தெரியாது, தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை முழுமையாகப் பாருங்கள். ஓட்டின் விளிம்பைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினால் அது நகத்தைப் போல விறைப்பாக இருக்க வேண்டும். வளைந்துகொடுத்தால், அல்லது விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருந்தால், சுண்ணாம்புச் சத்தும் சூரிய ஒளியும் நெடுங்காலம் கிடைக்கவில்லை என்று பொருள். அடி ஓட்டில் குழிகளும் மென்மையான வெண்புள்ளிகளும் கெட்ட வாடையும் இருந்தால் அது ஓட்டழுகல். கண் இமைகள் வீங்கி மூடியிருப்பது பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவைக் காட்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பது, மூக்கில் குமிழி வருவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது ஆகியவை நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டின் மேல் தகடுகள் மெல்லிய கண்ணாடித்தாள் போல உரிந்து விழுவது மட்டும் நோயன்று, வளர்ச்சி. அதைக் கையால் பிய்க்கக் கூடாது. ஓட்டுக்கு எண்ணெய் தடவுவதும் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்ற அறிவுரையை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். எண்ணெய்ப் படலம் அழுக்கையும் கிருமியையும் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர ஒரு நன்மையும் செய்வதில்லை.

நோய் தெரியாவிட்டாலும் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டி, மலத்தில் புழு முட்டை இருக்கிறதா என்று சோதித்துக்கொள்வது நல்லது. திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊரிலுள்ள மருத்துவர் ஆமைக்குப் பழக்கமில்லாதவராக இருந்தால் அங்கே கேட்டுப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் உறுதியாக நினைவில் வைத்திருங்கள்: நாய்க்கும் மாட்டுக்கும் வழக்கமாகக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின் என்ற மருந்து ஆமைகளைக் கொன்றுவிடும். குடற்புழு மருந்து எழுதப்படும்போது அதன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்க வேண்டாம். நல்ல மருத்துவர் யாரும் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தொட்டி: அளவு, இடம், வெயில், நிழல்

வளர்ந்த ஆமைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்கு வளர்ப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு, ஓட்டின் நீளத்தில் ஒரு செ.மீ.க்குச் சுமார் 15 லிட்டர் என்பது. 25 செ.மீ. பெட்டைக்கு இது 375 லிட்டர் ஆகிறது. ஐந்தடி நீளமும் இரண்டரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழ நீரும் உள்ள தொட்டி ஏறத்தாழ 500 லிட்டர் கொள்ளும். ஒரு பெட்டை ஆமைக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நீரின் ஆழம் ஓட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருந்தால்தான், தலைகீழாகப் புரண்டுவிட்ட ஆமை நீருக்குள்ளேயே திரும்பி நிமிர முடியும்.

கண்ணாடித் தொட்டியில் இந்த அளவுக்குச் செலவு மிகுதி. நம் பகுதியில் புறவாசலோ வளவுக்குள் கொஞ்சம் திறந்த இடமோ உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல வழிகள் உண்டு. செங்கல் வைத்துக் கட்டிய சிமெண்ட் தொட்டி, அல்லது மண்ணில் குழி தோண்டி அசோலா என்ற நீர்ப்பெரணியை வளர்க்கப் பயன்படுத்தும் சில்பாலின் என்ற தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்ட குட்டை, இரண்டும் பொருந்தும். என் விருப்பம் பாதியளவு மண்ணுக்குள் புதைந்த சிமெண்ட் தொட்டிதான். விரிப்பை ஆமையின் நகம் நாளடைவில் கிழித்துவிடும். முழுவதும் தரைக்கு மேலே நிற்கும் தொட்டி நான்கு பக்கமும் வெயில் வாங்கிச் சூடேறும். மண்ணுக்குள் இறங்கிய தொட்டியின் நீர் சித்திரை வெயிலிலும் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும். உட்புறத்தைக் கொத்தனாரிடம் சொல்லி நன்றாக மெழுகிப் பூசச் சொல்லுங்கள். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் உரசி உரசி அடி ஓடு தேய்ந்து, அந்தக் காயத்தின் வழியாகவே ஓட்டழுகல் தொடங்குகிறது. புதிய சிமெண்ட்டில் காரம் மிகுதி என்பதால் நீர் நிரப்பி, சில நாள் கழித்து வெளியேற்றி, மறுபடி நிரப்பி, இவ்வாறு இரண்டு மூன்று வாரங்களாவது ஊறவிட வேண்டும். வாழைத்தண்டைத் துண்டுகளாக்கி அந்த நீரில் போட்டுவைப்பது இங்குள்ள வழக்கம். கடைசியில் மீன் கடையில் கிடைக்கும் பிஎச் தாளால் சோதித்து, அளவு 8ஐத் தாண்டவில்லை என்று தெரிந்த பிறகே ஆமையை விடுங்கள்.

மொட்டை மாடியில் அமைக்க விரும்புவோர், 500 லிட்டர் நீர் என்பது அரை டன் எடை என்பதை மறக்காமல், சுவருக்கோ உத்தரத்துக்கோ நேர் மேலாகத் தொட்டியை வைக்க வேண்டும். ஆனால் மாடியின் தளம் இரவிலும் சூட்டைக் கக்கும். வேறு இடமே இல்லாதவர்கள் மட்டும் அதை நினைக்கலாம்.

இனி வெயில். இந்தக் கட்டுரையில் மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டிய பகுதி இது. ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உருவாக சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர் வேண்டும். அந்த வைட்டமின் இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து ஓட்டிலும் எலும்பிலும் சேராது. கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால் ஜன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயிலால் பயனில்லை. குளிர்நாடுகளில் இதற்காகவே விலையுயர்ந்த விளக்குகளை வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அது வானத்திலிருந்து தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் நம் ஊர் வெயில் ஆமையைக் குணப்படுத்துவது போலவே கொல்லவும் வல்லது. தன் உடல் வெப்பத்தைத் தானே சீராக்கிக்கொள்ள முடியாத உயிர் என்பதால், நிழலில்லாத ஆழம் குறைந்த பேசினில் வெயில் காயட்டும் என்று வைத்துவிட்டு மறந்துபோனால், ஒரு முற்பகலிலேயே ஆமை வெந்து இறந்துவிடும். "வெயில் காட்டுங்கள்" என்று யாராவது அறிவுரை சொன்னால், "நிழலையும் சேர்த்துக் காட்டுங்கள்" என்று அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆகவே தொட்டியின் மேற்கு, தெற்குப் பக்கங்களை மறைத்து, கிழக்கே திறந்து விடுங்கள். பனையோலையோ தென்னங்கீற்றோ போட்ட பந்தல், தொட்டியின் மூன்றில் இரண்டு பங்கை மூடட்டும். கீற்று கிடைக்காத நகர்ப்புறத்தில் நாற்றங்கால்களில் கட்டும் பச்சை நிழல்வலை போதும். காலை எட்டு மணி முதல் பத்தரை வரை உள்ள வெயில் நேரே மேடையில் விழ வேண்டும். விடிந்தவுடன் வரும் இளவெயில் நமக்கு இதமாக இருந்தாலும், சூரியன் தாழ்ந்திருக்கும் அந்நேரத்தில் புற ஊதா பி மிகக் குறைவு. வேப்பமரத்தடி நிழல் நல்லதுதான். ஆனால் இலையுதிரும் காலத்தில் தினமும் அள்ளாவிட்டால் தழை ஊறி நீர் கெட்டுவிடும். அரளிச் செடி அருகில் இருந்தால் அகற்றிவிடுங்கள். அதன் பூவும் இலையும் நஞ்சு.

வெயில் காயும் மேடை முழு உடலும் நீருக்கு மேலே வரும்படி, உலர்ந்து, ஆமையின் எடையைத் தாங்குவதாக இருக்க வேண்டும். ஏறும் சரிவு செங்குத்தாக இருக்கக் கூடாது. தேங்காய் நாரினால் பின்னிய மிதியடியைச் சரிவின் மேல் கட்டிவிட்டால் நகம் நன்றாகப் பற்றும். கடப்பாக் கல் வேண்டாம், கருமையான அந்தக் கல் முற்பகல் முடிவதற்குள் தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். மரப்பலகையே சிறந்தது. மேடையில் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் இருந்தால் எவ்வளவு சூடு வேண்டும் என்பதை ஆமையே முடிவு செய்துகொள்ளும். மேடையின் மேற்பரப்பு 30 முதல் 33 டிகிரி வரையும், நீர் 24 முதல் 28 டிகிரி வரையும் இருப்பது சிறப்பு. பங்குனி முதல் வைகாசி வரை நீர் 30 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் நிழலைக் கூட்டுங்கள். 35ஐ நெருங்கவே விடாதீர்கள். குளிர்விக்கப் பனிக்கட்டியைக் கொட்டாமல், நிழலில் வைத்திருந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு வளவு வீட்டில், இருண்ட அறையில் வளர்ந்து கைமாறி வந்த ஒரு பெட்டை முதன்முதலாக இத்தகைய மேடையில் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். ஏறி, நெடுநேரம் கழுத்தை உள்ளிழுத்தபடி அசையாமல் கிடந்தது. பிறகு கழுத்தை முழுமையாக நீட்டி, பின்னங்கால்களைப் பின்னோக்கி விறைப்பாக நீட்டி, விரலிடைத் தோல் விசிறியாய் விரிய, கண்களை மூடிக்கொண்டது. உங்கள் ஆமை இப்படி நீட்டிப் படுப்பதைக் கண்டால், மேடை சரியான இடத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். மேடையில் ஏறவே மறுத்தால் சரிவையோ, ஆள் நடமாட்டத்தையோ, மேடையின் சூட்டையோ மாற்றிப் பாருங்கள்.

அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்கு விளக்கைத் தவிர வழியில்லை. ஊர்வனவற்றுக்கென்று விற்கப்படும் புற ஊதா பி விளக்கையும், சூட்டுக்கு ஒரு ஹாலஜன் விளக்கையும், நாளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். வெளிச்சம் குறையாவிட்டாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால் தயாரிப்பாளர் சொல்லும் கால அளவில் விளக்கை மாற்றிவிட வேண்டும். விளக்கு நீரில் விழாதபடி கம்பியால் கட்டுவதும், அந்த இணைப்புக்கு மின்கசிவுத் தடுப்பான் பொருத்துவதும் கட்டாயம்.

சுவர் மேடையைவிட ஓரடியாவது உயர்ந்திருக்கட்டும். ஆமைகள் நன்றாக ஏறும். கீரியும் தெருநாயும் ஆமையைக் கடித்துக் குதறும், மலையடிவாரத்து ஊர்களில் குரங்கும் தொல்லை தரும் என்பதால் இரவில் கம்பிவலை மூடி இன்றியமையாதது. தொட்டியின் அடியில் சிறு கூழாங்கல் பரப்பாதீர்கள். ஆமை அதை விழுங்கிவிடும், குடல் அடைத்துக்கொள்ளும். வெறும் தரையே போதும், கழுவவும் எளிது.

தண்ணீரும் வடிகட்டியும்

மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணி நீரில் குளோரின் கலந்திருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்துவைத்துப் பயன்படுத்தினால் அது பெருமளவு நீங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதியாக இருந்தாலும் ஆமை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், ஓட்டில் வெண்படலம் மட்டும் படியும். மெல்லிய பல்துலக்கியால் வெறும் நீரில் தேய்த்துவிடலாம்.

ஆமை உண்பதும் கழிப்பதும் அதே நீரில். கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறும் நுண்ணுயிர்கள். எனவே வடிகட்டியை வாங்கிப் பொருத்திய நாளிலேயே நீர் தெளிந்துவிடாது. அந்த நுண்ணுயிர்கள் பெருக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை அடிக்கடி சிறிதளவு நீர் மாற்ற வேண்டும். பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும் என்பதால், தொட்டியிலிருந்து இறைத்த பழைய நீரிலேயே அலசுங்கள். மீன் தொட்டிக்கான வடிகட்டி ஆமைக்குப் போதாது, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நீருக்கென்று குறிக்கப்பட்டதை வாங்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பஞ்சும் கூரை ஓட்டுச் சில்லும் அடுக்கி, சிறிய நீர்மூழ்கி மோட்டாரால் நீரை அதன் வழியே சுற்றவிட்டு வீட்டிலேயே செய்துகொள்பவர்களும் உண்டு. பெரிய தொட்டிக்கு அது நன்றாகவே உழைக்கும்.

வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். வெளியேறும் நீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்ல உரம். கீரைப் பாத்தியில் மட்டும் விடக்கூடாது, அதற்கான காரணம் பின்னால் வருகிறது. நீர் அசையாமல் நிற்கும் மூலைகளில் கொசுப்புழு சேராமலிருக்கக் கொஞ்சம் கப்பி மீன்களை விடலாம். ஆமை அவற்றில் சிலவற்றைத் தின்னும், அதனால் கேடில்லை.

உணவு

குட்டியாக இருந்தபோது புழு பூச்சிகளையே நாடிய இந்த ஆமை, வளர்ந்தபின் பெரும்பகுதி தாவரம் உண்ண வேண்டியது. இதை முன்பு வளர்த்தவர்கள் அறியாததால்தான் கைமாறி வரும் ஆமைகள் பலவும் ஒன்று சத்துக்குறைந்தோ அல்லது கொழுத்தோ வருகின்றன. கால்களை உள்ளிழுக்கும்போது இடுக்கில் சதை பிதுங்கினால் அது கொழுப்பு. காய்ந்த இறாலைத் தின்பண்டமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஆமை உணவுக் குருணையைத் தலையளவு, அதாவது கழுத்தைச் சேர்க்காமல் தலை மட்டும் எவ்வளவு பெரியதோ அவ்வளவு, ஒன்றுவிட்டு ஒருநாள் கொடுத்தால் போதும்.

மற்றபடி தினமும் பச்சை. செம்பருத்தி இலையும் பூவும், முள்ளங்கிக் கீரை, முருங்கைக் கீரை, துருவிய கேரட்டும் மஞ்சள் பூசணியும் நல்லவை. வைட்டமின் ஏ குறைந்து வந்த ஆமைக்குக் கேரட்டும் பூசணியும் மிகவும் உதவும். மாடு வளர்ப்பவர்களிடம் கிடைக்கும் அசோலாவும், குளத்து வேலம்பாசியும் மிதந்துகொண்டே இருந்து நாள் முழுவதும் கொறிக்க உதவும். வயல் வாய்க்காலில் எடுத்ததாக இருந்தால் பூச்சிமருந்து கலந்திருக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பசலை, பாலக், சிறுகீரை ஆகியவற்றிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். என்றைக்காவது ஒருநாள் கொடுக்கலாம், அன்றாடம் வேண்டாம்.

இறாலைத்தான் தின்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆமைக்குக் கீரையை நீரில் மிதக்கவிட்டு, காலையில் பசியோடு இருக்கும்போது முதலில் அதையே காட்டுங்கள். உடல்நலமுள்ள வளர்ந்த ஆமை சில நாட்கள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. மெலிந்து வந்த ஆமையிடம் இந்தக் கண்டிப்பு கூடாது. அதற்கு முதலில் எடை ஏறட்டும்.

வாரம் ஒருமுறை மண்புழு, ஓட்டோடு இறால், முள்ளோடு சிறு மீன் இவற்றில் ஏதாவது ஒன்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கருவாடு கொடுக்கக் கூடாது, உப்பு. சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கட், பால் எதுவும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்கு நான் கண்டவற்றில் மலிவானதும் சிறந்ததும் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உறுதியான ஒரு பக்கத்தைக் கத்தியால் சீவிவிட்டு, ஒரு துண்டைத் தொட்டியில் மிதக்க விடுங்கள். வேண்டியபோது ஆமை கடித்துக்கொள்ளும், பெட்டை முட்டைக்காலத்தில் இன்னும் ஆவலாகக் கடிக்கும்.

பெட்டை ஆமைக்கு மண் வேண்டும்

ஆணோடு சேராத பெட்டையும் முட்டையிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முட்டையிட மண் இல்லாவிட்டால் அதை உள்ளேயே அடக்கிவைத்து, முட்டை உள்ளே சிக்கிக்கொண்டு, உயிருக்கே ஆபத்தாகிவிடும். திடீரென உண்பதை நிறுத்தி, சுவரை விடாமல் ஏற முயன்று, பின்னங்கால்களால் தோண்டும் அசைவைச் செய்தால் அது மண் தேடுகிறது. தொட்டியின் ஓரமாகவே ஆற்று மணலும் செம்மண்ணும் கலந்து ஓரடி ஆழத்துக்கு நிரப்பிய ஒரு பகுதியை அமைத்துவிடுங்கள்; அதன் நீளம் ஆமையைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். தோண்டும் குழி சரியாதபடி ஈரம் காக்க வேண்டும். செம்மணல் மேடுகளிலிருந்து வரும் தேரி மணல் தனியாக இருந்தால் உலர்ந்ததும் சரிந்துவிடும். அது தோண்டும்போது யாரும் அருகில் நின்று பார்க்காதீர்கள். தோண்டுவதும் விடுவதுமாகச் சில நாட்கள் கழிந்தும் முட்டை வராமல் ஆமை சோர்ந்துபோனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஆமைக்குத் தனிமை துன்பமன்று. இரண்டு ஆண்கள் கடித்துக்கொள்ளும், ஆண் பெட்டையை ஓயாமல் துரத்தும், பெரியது சிறியதை மேடையில் ஏறவிடாது. ஏற்கெனவே ஓர் ஆமை உள்ள வீட்டில் புதியதை இரண்டு மூன்று மாதங்களாவது வேறு தொட்டியில், வேறு வலை, வேறு வாளியோடு தனித்து வைத்திருங்கள்.

ஆமையின் உடலில் சால்மொனெல்லா என்ற கிருமி நோயின் அடையாளம் எதுவும் இல்லாமலே இருக்கக்கூடும். குழந்தைகளுக்கு அதனால் நோய் பரவியதாலேயே நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தடை செய்தது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், தொட்டிப் பொருள்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பதும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களையும் தொடவிடாமல் பார்ப்பதும் போதிய காவல். கீரைப் பாத்தியில் அந்த நீரை விட வேண்டாம் என்றதும் இதனால்தான்.

மழைக்காலமும், வைத்துக்கொள்ள இயலாத நிலையும்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வெயில் நாட்கணக்கில் இல்லாமல் போகும். உடல்நலமுள்ள ஆமைக்கு நம் ஊர்க் குளிர் ஒரு பொருட்டன்று. உணவு மட்டும் சற்றுக் குறையும். நோயுற்ற ஆமையை மட்டும் உள்ளே எடுத்து, 27 அல்லது 28 டிகிரி நீரில், காப்பு உறையிட்ட ஹீட்டரோடு வைக்க வேண்டும். பெருமழையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாளில் தொட்டி நிரம்பி வழிந்தால் ஆமை வாய்க்காலில் இறங்கிப் போய்விடும். நீர் வழியும் துளையைச் சுவரின் உச்சிக்கு ஓரடி கீழேயே வைத்து, அதற்கு வலையிட்டு, மூடியையும் கம்பியால் கட்டுங்கள். வானிலை எச்சரிக்கை வந்தால் பெரிய மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டியில் காற்றுத்துளை இட்டு, ஈரத்துணி விரித்து, ஆமையை உயரமான அறைக்கு மாற்றிவிடலாம். நீரில்லாமல் ஓரிரு நாள் அதனால் இருக்க முடியும்.

இவ்வளவு அக்கறை ஏனென்றால், உலகின் மிகக் கேடான 100 ஊடுருவும் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொகுத்த பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. குளத்தில் இறங்கினால் பாலாமைக்கும் காராமைக்கும் உரிய இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆற்றிலோ, ஊர்க் குளத்திலோ, கோயில் தெப்பத்திலோ விடுவது புண்ணியமன்று. உங்களால் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியாமல் போனால், மேலே சொன்ன அளவில் தொட்டி உள்ள ஒருவரைத் தேடி, எடைக் குறிப்பையும் உணவுப் பழக்கத்தையும் மருந்து விவரங்களையும் எழுதி, ஆமையோடு சேர்த்துக் கொடுங்கள். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் வனத்துறை அலுவலகத்திலோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ ஆலோசனை கேட்டு, பதில் வரும் வரை அதைத் தொட்டியிலேயே வைத்திருங்கள்.